மீட்டரில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால்: கன்னியாகுமரி மாவட்டத்துக் கார்களுக்கான பழுதறியும் முறை

காரின் மீட்டரில் மஞ்சள் நிற என்ஜின் படம் எரியத் தொடங்கியதும், எந்தப் பாகம் கெட்டுப்போயிருக்கிறது என்பதை அந்த விளக்கே சொல்லிவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். ஸ்கேனரை (காரின் கணினி பதிந்துவைத்த பழுதுக் குறியீட்டைப் படிக்கும் கருவி) பொருத்தி, வருகிற குறியீட்டில் எந்த சென்சரின் பெயர் இருக்கிறதோ அதையே புதிதாக வாங்கிப் போட்டுவிட்டு, இரண்டு வாரத்தில் அதே விளக்கு மறுபடியும் எரியும்போது திகைப்பது இந்த நம்பிக்கையின் விளைவுதான். காரின் கணினிக்குத் தெரிவதெல்லாம், ஒரு கம்பி வழியாக வர வேண்டிய மின்னழுத்தம் வரவில்லை, அல்லது வரக்கூடாத அளவில் வருகிறது என்பது மட்டுமே. அதற்குச் சென்சர் காரணமா, கம்பி காரணமா, கம்பிகளை இணைக்கும் செருகியான கப்ளர் காரணமா, எர்த் காரணமா என்பதைப் பிரித்தறிவது பழுதுபார்ப்பவரின் வேலை.

கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்தப் பிரித்தறிதலுக்குக் கூடுதல் தேவை இருக்கிறது. ஏறத்தாழ 72 கிலோமீட்டர் கடற்கரை, தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழைகள், மேற்கே ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே நிறுத்தப்படும் வண்டிகளில் குடியேறும் எலிகள் ஆகிய மூன்றும் சேர்ந்து, சென்சர் கெடுவதற்கு முன்பே அதன் கம்பியையும் கப்ளரையும் கெடுத்துவிடுகின்றன. ஆகவே இங்கே பாகத்தை மாற்றுவது கடைசி வேலையாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சிவப்பு விளக்குகள்

சிவப்பு விளக்கு எரிந்தால் வண்டியை ஓட்டியபடி காரணம் தேடக்கூடாது. எண்ணெய்க் குவளை வடிவில் எரியும் ஆயில் விளக்கு இவற்றுள் மிகவும் கடுமையானது. அது ஆயிலின் அளவைக் காட்டுவதில்லை, அழுத்தத்தைக் காட்டுகிறது. எனவே ஆயில் குறைந்ததால் அது எரிகிறது என்றால், அளவு ஏற்கெனவே மிகவும் கீழே போய்விட்டது என்று பொருள். பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி உடனே என்ஜினை அணைத்து, சமதரையில் பத்து நிமிடம் நின்றபின் டிப்ஸ்டிக்கைத் துடைத்துப் பார்க்க வேண்டும். அளவு குறைவாக இருந்தால், கையேட்டில் குறிப்பிட்டுள்ள தரத்தில் ஆயிலை ஊற்றி, கசிவு எங்கே என்று தேட வேண்டும். அளவு சரியாக இருந்தும் என்ஜினை இயக்கியபின் விளக்கு அணையவில்லை என்றால், ஆயில் பம்ப்போ அழுத்த சுவிட்சோ எதுவாக இருந்தாலும், ரெக்கவரி வண்டியில் ஏற்றிக்கொண்டு போவதே சிக்கனம். பக்கத்து ஊர் வரைதானே என்று ஓட்டிப் போனவர்கள் பேரிங் தேய்ந்து, முழு என்ஜினையும் பிரிக்க வேண்டிய செலவுக்கு ஆளாவார்கள்.

வெப்பநிலை விளக்கு எரியும்போது, எந்தச் சூழ்நிலையில் எரிந்தது என்பதே பாதி விடையைத் தந்துவிடும். மார்த்தாண்டம் சந்தைப் பகுதி நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது முள் ஏறி, நெரிசல் விட்டு வேகம் கூடியதும் இறங்கினால், ரேடியேட்டர் மின்விசிறி சுழலவில்லை என்று முதலில் சந்தேகிக்க வேண்டும். அதன் ஃபியூஸ், ரிலே, மோட்டார் கப்ளர் ஆகியவற்றை இந்த வரிசையிலேயே பார்க்கலாம். மாறாக, காற்று நன்றாகப் படும் வேகத்திலும், பேச்சிப்பாறை போன்ற மலையடிவாரச் சாலைகளில் ஏறும்போதும் சூடு கூடினால், கூலண்ட் குறைவு, அடைபட்ட ரேடியேட்டர், திறக்காத தெர்மோஸ்டாட், தேய்ந்த வாட்டர் பம்ப் ஆகியவை காரணமாகலாம். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால், அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பீறிடும் என்பதால், மேல் ஹோஸைக் கையால் பிடிக்க முடிகிற அளவுக்கு ஆறிய பின்னரே தொட வேண்டும். கடலோர ஊர்களில் கிணற்று நீரையோ போர்வெல் நீரையோ ஊற்றும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அதிலுள்ள உப்பு அலுமினிய ரேடியேட்டரை உள்ளிருந்தே அரித்துவிடும். அவசரத்துக்கு ஊற்ற நேர்ந்தால், வீடு திரும்பியதும் முழுவதையும் வடித்து, உரிய கூலண்டை நிரப்ப வேண்டும்.

வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி போட்ட பிரேக் விளக்கு, ஹேண்ட்பிரேக் முழுவதும் இறங்காததால் எரிவதே அதிகம். இறக்கிய பின்னும் எரிந்தால் பிரேக் ஆயில் டப்பாவைப் பார்க்கவும். அளவு மெல்ல மெல்லக் குறைந்திருந்தால் பிரேக் பேட் தேய்ந்திருக்கிறது. ஒரே நாளில் குறைந்திருந்தால் கசிவு இருக்கிறது. இரண்டிலும் வெறுமனே ஆயிலை நிரப்பி விளக்கை அணைப்பது பழுதை மறைப்பதாகும். மிதி மெத்தென்று உள்ளே இறங்கினால் அந்த வண்டியை நகர்த்தவே கூடாது.

பேட்டரி விளக்கைப் பலர் பேட்டரி கெட்டதன் அடையாளமாகக் கருதுகிறார்கள். என்ஜின் ஓடும்போது அது எரிந்தால் சார்ஜ் ஏறவில்லை என்பதே பொருள். என்ஜின் அணைந்து சில மணி நேரம் ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரியில் 12.6 வோல்ட் அளவும், என்ஜின் ஓடும்போது ஏறத்தாழ 13.8 முதல் 14.5 வோல்ட் வரையும் மல்டிமீட்டரில் தெரிய வேண்டும். ஓடும்போதும் 12 வோல்ட்டை ஒட்டியே நின்றால் பெல்ட், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர், அதன் கப்ளர் ஆகியவற்றைச் சோதிக்கவும். பெல்ட் அறுந்திருந்தால், சில கார்களில் அதே பெல்ட்தான் வாட்டர் பம்ப்பையும் சுழற்றுகிறது என்பதால், சூடும் கூடவே ஏறும் என்பதை மறந்துவிடக்கூடாது. புதிய பிஎஸ் 6 (பாரத் ஸ்டேஜ் 6 என்ற புகை மாசு விதிக்கு உட்பட்ட) கார்கள் சிலவற்றில் சார்ஜ் மின்னழுத்தத்தைக் கணினியே தேவைக்கேற்பக் கூட்டிக் குறைக்கும். அங்கே சற்றுக் குறைந்த அளவு ஒருமுறை தெரிந்ததை வைத்து மட்டும் ஆல்டர்னேட்டரைக் குற்றம் சொல்ல முடியாது.

மஞ்சள் விளக்கும் குறியீடும்

மஞ்சள் விளக்கு பொதுவாக நேரம் தருகிறது. விதிவிலக்கு ஒன்று உண்டு: என்ஜின் விளக்கு நிலையாக எரியாமல் விட்டுவிட்டு மின்னினால், ஏதோ ஒரு சிலிண்டரில் எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குப் போய்க்கொண்டிருக்கிறது, அது புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சூடாக்கி உருக்கிவிடக்கூடும். அப்போது ஆக்ஸிலரேட்டரை விட்டு, வேகத்தைக் குறைத்து, முடிந்த விரைவில் நிறுத்த வேண்டும்.

2013 ஏப்ரலுக்குப் பின் தயாரான பிஎஸ் 4 கார்களிலும், 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பிஎஸ் 6 கார்களிலும், ஸ்டீயரிங்குக்குக் கீழே ஓட்டுநரின் முழங்காலுக்கு மேலே, 16 முனைகள் கொண்ட ஓபிடி போர்ட் (ஸ்கேனரைச் செருகும் இடம்) இருக்கும். அதில் புளூடூத் அடாப்டர் ஒன்றைச் செருகி, கைப்பேசிச் செயலி வழியாக நாமே குறியீட்டைப் படிக்கலாம். மலிவான அடாப்டர்கள் என்ஜின் குறியீடுகளை நன்றாகவே காட்டும். ஏபிஎஸ், ஏர்பேக் ஆகியவற்றின் குறியீடுகளை அவை பெரும்பாலும் காட்டுவதில்லை. அவற்றுக்கு வொர்க்‌ஷாப் ஸ்கேனரே வேண்டும். குறியீட்டின் முதல் எழுத்து பி (P) என்றால் என்ஜினும் கியரும், சி என்றால் பிரேக், சஸ்பென்ஷன் போன்ற அடித்தளப் பகுதிகள், இன்னொரு பி (B) என்றால் பாடி தொடர்பானவை, யூ என்றால் கணினிகளுக்கு இடையேயான தகவல் தொடர்பு என்று பிரித்திருக்கிறார்கள். யூ வகைக் குறியீடுகள் ஒரே நேரத்தில் பல வந்தால் கணினிகள் எல்லாம் கெட்டுவிட்டன என்று அஞ்ச வேண்டாம். தளர்ந்த பேட்டரி டெர்மினலும் பலவீனமான பேட்டரியுமே அதற்குப் போதும்.

குறியீட்டைப் பார்த்ததும் அழித்துவிடாதீர்கள். முதலில் எழுதிக்கொள்ளுங்கள், அதனுடன் சேமிக்கப்பட்டிருக்கும் ஃப்ரீஸ் ஃப்ரேம் தகவலையும் எழுதிக்கொள்ளுங்கள். பழுது பதிவான நொடியில் என்ஜின் வேகம், வெப்பநிலை, வண்டியின் வேகம் என்ன என்பதெல்லாம் அதில் இருக்கும். அழித்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். காசு வாங்கிக்கொண்டு குறியீட்டை அழித்து மட்டும் அனுப்பும் இடங்களில், இரண்டாவது முறை போகும்போது சொல்வதற்குச் சான்று எதுவும் மிஞ்சுவதில்லை.

சென்சர்கள் அந்தந்த நேரத்தில் தருவதைச் செயலி காட்டும் நேரடி அளவீடுகள் குறியீட்டைவிடப் பயனுள்ளவை. காலையில் என்ஜினை இயக்குவதற்கு முன், சாவியை மட்டும் திருப்பி, கூலண்ட் வெப்பநிலையையும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலையையும் பாருங்கள். இரவு முழுவதும் நின்ற வண்டியில் இரண்டும் வெளி வெப்பநிலையை ஒட்டி, நாகர்கோவிலில் என்றால் 25 டிகிரிக்கும் 30 டிகிரிக்கும் நடுவே, ஏறத்தாழ ஒன்றாகவே இருக்க வேண்டும். அதில் ஒன்று மட்டும் மைனஸ் 40 டிகிரி என்று காட்டினால், நம் ஊருக்குப் பனிக்காலம் வந்துவிடவில்லை, அந்தச் சுற்று எங்கோ அறுந்திருக்கிறது. கப்ளர் கழன்றிருக்கலாம், கம்பியை எலி கடித்திருக்கலாம். அப்போது சென்சரின் கப்ளரைக் கழற்றி, அதன் இரண்டு துளைகளையும் ஒரு சிறு கம்பியால் இணைத்துப் பார்த்தால், அளவு மைனஸ் 40 இலிருந்து மிக உயர்ந்த எண்ணுக்குத் தாவ வேண்டும். தாவினால் கம்பியும் கணினியும் நன்றாக உள்ளன, சென்சரே பழுது. தாவாவிட்டால் சென்சர் வாங்குவது வீண். கம்பியைத் தேடிப் போக வேண்டும். இந்தச் சோதனை இரண்டு கம்பிகள் கொண்ட வெப்பநிலைச் சென்சருக்கு மட்டுமே உரியது. மூன்று அல்லது நான்கு கம்பி சென்சர்களில் இப்படி இணைத்தால் கணினியே பழுதாகக்கூடும்.

கப்ளர், எர்த், எலி

குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி போன்ற ஊர்களில் வீட்டு முற்றத்தில் நிற்கும் காரின் பானெட்டைத் திறந்தால், பேட்டரி டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகக் களிம்பு பூத்திருப்பதைப் பார்க்கலாம். அதே களிம்பு கண்ணுக்குத் தெரியாமல் கப்ளர்களுக்குள்ளும் இருக்கிறது. பழுது தேடும்போது முதலில் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றி, பிறகே நேர்முனையைக் கழற்ற வேண்டும். பூட்டும்போது இதற்கு நேர்மாறான வரிசை. சமையல் சோடாவை வெந்நீரில் கரைத்து டெர்மினல்களில் ஊற்றினால் களிம்பு நுரைத்துக் கரையும். உலர்த்திச் சுத்தமான உலோகம் தெரியும்வரை தேய்த்து, இறுக்கிய பின் மெலிதாக வாசலின் தடவலாம். சோடா நீர் பேட்டரியின் துளைகளுக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எர்த் பட்டையைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். பேட்டரியின் எதிர்முனையிலிருந்து பாடிக்கும் என்ஜினுக்கும் போகும் அந்தக் கம்பியின் போல்ட் துருப்பிடித்தால், ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத மூன்று நான்கு குறியீடுகள் ஒன்றாக வரும். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்முனையிலும் மறுமுனையை என்ஜினின் வெற்று உலோகத்திலும் வைத்து, ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பாதையில் தடை இருக்கிறது. போல்ட்டைக் கழற்றித் தேய்த்துப் பூட்ட வேண்டும். செலவில்லாத இந்த வேலை சில கார்களில் சென்சர் செலவையே இல்லாமல் செய்துவிடும்.

குலசேகரம், அருமனை, திற்பரப்பு பகுதிகளில் தோட்டத்தோடு சேர்ந்த வீடுகளில் நிற்கும் கார்களில் விளக்கு எரிந்தால், ஸ்கேனருக்கு முன்பே டார்ச் விளக்கை எடுக்க வேண்டும். பானெட் திறந்ததும் என்ஜின் மேலுறையைக் கழற்றி, பேட்டரித் தட்டின் ஓரத்திலும் இன்ஜெக்டர் கம்பிகள் ஓடும் இடத்திலும் எலிப்புழுக்கையோ, கொறித்த தேங்காய் நாரோ, கடித்த பிளாஸ்டிக் துகளோ இருக்கிறதா என்று பாருங்கள். கம்பி முழுதும் அறுபடாமல் மேலுறை மட்டும் போயிருந்தால், வெயில் நாளில் ஒழுங்காக ஓடி மழை நாளில் மட்டும் விளக்கு எரியும். வெறும் டேப் சுற்றிவிட்டால் அடுத்த மழைக்கு அதே கதைதான். கம்பியை வெட்டி, ஈயம் வைத்து இணைத்து, ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட வேண்டும்.

வாட்டர் சர்வீஸ் பற்றியும் ஒரு சொல். அழுத்த நீரை என்ஜின் அறைக்குள் அடித்தால் ஸ்பார்க் பிளக் குழிகளிலும் கப்ளர்களிலும் நீர் தேங்கும். மறுநாளே மிஸ்ஃபயர் (சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமை) குறியீடு வந்தால் அதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில்களைக் கழற்றிக் காற்றடித்து உலர்த்தினாலே போதுமானதாக இருக்கும். என்ஜின் அறைக்கு ஈரத்துணியும் தூரிகையும் போதும் என்று அங்கே சொல்லிவிடுவது நல்லது.

சில குறியீடுகளும் அவற்றுக்கான சோதனைகளும்

பி0301 முதல் பி0304 வரை வருபவை, கடைசி எண்ணுக்குரிய சிலிண்டரில் மிஸ்ஃபயர் என்று சொல்கின்றன. பி0302 வந்தால், இரண்டாம் சிலிண்டரின் இக்னிஷன் காயிலை முதல் சிலிண்டருக்கும், முதலாவதை இரண்டாவதற்கும் மாற்றிப் பூட்டி ஓட்டிப் பாருங்கள். இப்போது பி0301 வந்தால் காயில்தான் பழுது என்பது உறுதி. குறியீடு இடம் மாறாவிட்டால் ஸ்பார்க் பிளக்கை அதே முறையில் மாற்றிப் பார்த்து, அதன் பிறகே இன்ஜெக்டருக்கும் கம்ப்ரஷன் சோதனைக்கும் போகலாம். ஒரு ரூபாய்க்கும் பாகம் வாங்காமல் கிடைக்கும் விடை இது.

பி0171 என்பது கலவையில் பெட்ரோல் குறைவு என்று கணினி கருதுவதைக் குறிக்கிறது. செயலியில் ஃப்யூயல் ட்ரிம் (கணினி பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது) என்ற அளவைப் பாருங்கள். ஐடிலில் அது பெரிதாகக் கூடியிருந்து, ஆக்ஸிலரேட்டரை மிதித்து 2,500 சுற்றுக்கு ஏற்றும்போது குறைந்தால், காற்று வடிகட்டிக்குப் பின்னால் எங்கோ ஒரு ஹோஸ் விரிசல் விட்டுக் காற்று கசிந்து உள்ளே போகிறது. மாறாக, வேகம் கூடக்கூட ட்ரிம்மும் கூடினால் பெட்ரோல் போதுமான அளவில் வரவில்லை. ஃப்யூயல் பம்ப்பையும் வடிகட்டியையும் பார்க்க வேண்டும். பி0420 வந்தால் உடனே கேட்டலிடிக் கன்வெர்ட்டரை மாற்றச் சொல்வார்கள். அது விலை மிகுந்த பாகம். புகைக்குழாய் இணைப்பில் கசிவு இருந்தாலும், முன்பிருந்த மிஸ்ஃபயர் சரிசெய்யப்படாமல் இருந்தாலும் அதே குறியீடு வரும் என்பதால், அவை இரண்டும் இல்லை என்று உறுதியான பின்னரே அந்தச் செலவுக்குச் சம்மதிக்கவும்.

பெட்ரோல் டேங்க் மூடியை இறுக்கினால் என்ஜின் விளக்கு அணைந்துவிடும் என்ற யோசனை இணையத்தில் நிறையப் பரவியிருக்கிறது. டேங்கின் ஆவிக் கசிவைச் சோதிக்கும் அமெரிக்கக் கார்களுக்குப் பொருந்தும் யோசனை அது; நம் சாலைகளில் ஓடும் கார்களில் அதனால் விளக்கு அணைவது அரிது.

ஏபிஎஸ் விளக்கு மட்டும் தனியாக எரிந்தால் சாதாரண பிரேக் வேலை செய்யும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் வசதி மட்டும் இராது. தேங்கிய மழைநீரிலும் சேற்றிலும் ஓட்டிய பின் இது எரிந்தால், சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் வேகச் சென்சரின் முனையில் சேறும் துருத்தூளும் படிந்திருக்கும். சக்கரத்தைக் கழற்றி, தண்ணீரும் மென்மையான தூரிகையும் கொண்டு துடைத்தாலே பலமுறை சரியாகிவிடும். அப்போதும் எரிந்தால் நான்கு சக்கரங்களின் வேகத்தையும் ஸ்கேனரில் ஒன்றாகப் பார்த்தபடி மெதுவாக ஓட்டுங்கள். மூன்று சக்கரங்கள் 20 கிலோமீட்டர் காட்டி ஒன்று மட்டும் சுழியம் காட்டினால் இடம் தெரிந்துவிட்டது.

டீசல் காரில் டிபிஎஃப் (புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் வடிகட்டி) விளக்கு எரிவது, நகருக்குள் சிறு சிறு பயணங்களே செய்பவர்களுக்கு வழக்கமான ஒன்று. வடசேரிக்கும் கோட்டாறுக்குமாக மட்டும் ஓடும் வண்டியில், வடிகட்டியில் சேரும் கரி எரிவதற்கு வேண்டிய சூடு உருவாவதில்லை. ஆரல்வாய்மொழி வழியாகக் காவல்கிணறு போய், நான்குவழிச் சாலையில் சட்டம் அனுமதிக்கும் வேகத்தில் 60 கிலோமீட்டருக்குக் குறையாமல் 20 நிமிடம் சீராக ஓட்டினால் பெரும்பாலும் விளக்கு அணைந்துவிடும். அணையாமல் என்ஜின் விளக்கும் சேர்ந்து எரிந்தால் வொர்க்‌ஷாப்பில் கட்டாய ரீஜெனரேஷன் (வடிகட்டியின் கரியை எரித்து நீக்குதல்) செய்ய வேண்டியிருக்கும்.

ஏர்பேக் விளக்கு மட்டும் நம் கைக்கு அப்பாற்பட்டது. முன் இருக்கையை மிகவும் பின்னால் தள்ளியபோதோ, அதன் அடியில் சுத்தம் செய்தபோதோ எரியத் தொடங்கியிருந்தால், இருக்கைக்கு அடியில் உள்ள மஞ்சள் நிறக் கப்ளர் தளர்ந்திருக்கலாம். ஆயினும் அந்தக் கம்பிகளில் மல்டிமீட்டரை வைக்கவே கூடாது, ஏனெனில் அதிலிருந்து போகும் சிறு மின்னோட்டமே ஏர்பேக்கை வெடிக்கச் செய்யக்கூடும். இதை நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற வொர்க்‌ஷாப்பில் கொடுப்பதே முறை.

பழைய கார் வாங்குவோர் கவனிக்க

சாவியைத் திருப்பியதும் எல்லா எச்சரிக்கை விளக்குகளும் ஒருமுறை எரிய வேண்டும். அவற்றில் ஏர்பேக், ஏபிஎஸ் விளக்குகள் சில நொடிகளில் தாமாகவே அணையும், ஆயில், பேட்டரி, என்ஜின் விளக்குகள் என்ஜின் ஓடத் தொடங்கியதும் அணையும். களியக்காவிளைக்கு அப்பாலிருந்து வரும் கேரளப் பதிவு கார்களானாலும், நம் டிஎன் 74, டிஎன் 75 கார்களானாலும், விலை பேசுவதற்கு முன் இதைக் கவனிக்கவும். எரியவே எரியாத விளக்கு, பழுதை மறைக்க யாரோ கம்பியைத் துண்டித்திருப்பதற்கான அறிகுறி. 2021 நவம்பர் வெள்ளம் போன்ற பெருமழைகளில் நீரில் நின்ற வண்டியா என்றறிய, தரைவிரிப்பைத் தூக்கி அடியில் உள்ள கப்ளர்களில் களிம்பு இருக்கிறதா என்றும், சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்து அதன் அடிப்பகுதியில் சேற்றுக் கறை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சரிசெய்த பிறகு

பழுது நீங்கியபின் குறியீட்டை அழிக்கலாம். அழிக்காமல் விட்டாலும், அதே சோதனை தொடர்ந்து மூன்று முறை தேறினால் கணினியே விளக்கை அணைத்துவிடும். அழித்தால், கணினியின் சுயசோதனைகள் எல்லாம் மறுபடியும் முதலிலிருந்து நடக்க வேண்டும். அவை முடிவதற்கு, குளிர்ந்த நிலையில் இயக்கி, நகர நெரிசலிலும் திறந்த சாலையிலுமாகக் கலந்து ஓட்டுவது தேவைப்படும். நாகர்கோவிலிலிருந்து தக்கலை வரை போய்வருவது போன்ற பயணங்களைச் சில நாட்கள் செய்தால் போதும். செயலியில் பென்டிங் என்ற பகுதியையும் திறந்து பாருங்கள். விளக்கு இன்னும் எரியாத நிலையிலேயே பழுது திரும்பி வந்திருந்தால், அதன் குறியீடு அங்கேதான் முதலில் பதிவாகும்.